கடலுக்குப் போகிறவன் உப்புக் கட்டுவானா?

ஜெர்மனிக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் எச்சரிக்கை குளிரைப் பற்றியதல்ல. அங்கே யாரிடமும் "ஒருநாள் போவோம்" என்று சொல்லிவிடாதீர்கள்.

நம்மூரில் அது ஒரு மரியாதை. "ஒருநாள் குற்றாலம் போயிட்டு வரலாம்" என்போம். கேட்பவர் "அதுக்கென்ன, போயிருவோம்" என்பார். இருவரும் குளித்துவிட்டே வந்த திருப்தியோடு பிரிவோம். பல வருஷம் கழித்துச் சந்தித்தாலும் அந்தக் குற்றாலம் தண்ணீர் வற்றாமல் அப்படியே இருக்கும். யாரும் போயிருக்க மாட்டோம், அதனால்தான்.

மதுரையில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரியில் வாத்தியாராக இருந்த என்னை, தொண்ணூறுகளின் நடுவில் ஓராண்டுப் பயிற்சிக்கு பான் நகரத்துக்கு அனுப்பினார்கள். அங்கே எனக்குப் பக்கத்து மேசைக்காரன் ஹோல்கர். குடை வைத்த உறை மாதிரி ஒல்லி. சிரிப்பதற்கு முன்னால்கூடக் கொஞ்சம் யோசிப்பான். ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது, நாட்டின் வடகோடியில் ரூகன் என்றொரு தீவு இருக்கிறது என்றான். வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை செங்குத்தாகக் கடலில் இறங்குமாம். அதன் விளிம்பிலேயே, முதுகில் மூட்டையோடு, சில நாட்கள் நடக்கலாமாம். நாடு இரண்டாக இருந்தபோது இவர்கள் பக்கத்து ஆட்கள் அங்கே போவது பெரும்பாடு, இப்போது வழி திறந்துவிட்டது என்றான்.

நான் வாயில் உருளைக்கிழங்கோடு, "பிரமாதம்! ஒருநாள் போவோம்" என்றேன்.

ஹோல்கர் கால்சட்டைப் பையிலிருந்து குட்டி நாட்காட்டி ஒன்றை எடுத்தான். பென்சில் நுனியை நாக்கில் தொட்டான். "பெந்தேகோஸ்து விடுமுறை. சனிக்கிழமை கிளம்பலாம். உனக்கு வசதியா?"

உருளைக்கிழங்கை விழுங்கினேன். அதை அவன் சம்மதம் என்று எழுதிக்கொண்டான்.

என் உடம்பைப் பற்றி இங்கே இரண்டு வார்த்தை சொல்லவேண்டும். கல்லூரியில் என் வகுப்பு முதல் மாடியில் இருந்தது. அதைத் தரைத்தளத்துக்கு மாற்றக் கோரி நான் நிர்வாகத்தோடு நடத்திய போராட்டத்தைப் பழைய மாணவர்கள் இன்னும் பேசுவார்கள். நடை என்றால் எனக்கு வீட்டிலிருந்து பஸ் நிறுத்தம்வரைதான். அங்கேயும் பஸ் தாமதமானால் உட்கார்ந்துவிடுவேன்.

சாயங்காலம் துக்கம் விசாரிக்கப்பட வேண்டிய முகத்தோடு அருளப்பு அண்ணை வீட்டுக்குப் போனேன். அவர்கள் வீட்டுக்கு மேலே இருந்த கூரையறையில்தான் நான் குடியிருந்தேன். அறை மேலே என்பது பெயருக்குத்தான். சாப்பாடு, பேச்சு, தொலைக்காட்சி எல்லாம் கீழே. அண்ணை இலங்கையில் மன்னார்ப் பக்கம் பேசாலைக்காரர். அகதியாக வந்து, இப்போது ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை. இரத்த அழுத்தக்காரர்களுக்காக உப்பில்லாமல் உருளைக்கிழங்கு அவிப்பது அவர் பொறுப்பு. "நாள் முழுக்கப் பாவம் செய்யிறன்" என்பார். அவர் மனைவி றெஜினா அக்காவுக்கு ஒரு ஓட்டலின் சலவைப் பகுதியில் வேலை.

"எங்க போறியள் எண்டு சொன்னியள்?" என்றார் அண்ணை, கறியைக் கிளறிக்கொண்டே.

"ரூகன்னு ஒரு தீவு அண்ணே. கடலோரமாவே நடக்கணுமாம். எப்படியாவது கேன்சல் பண்ணணும். காய்ச்சல்னு சொல்லிரவா?"

அகப்பை நின்றது. "கடலோ?"

எட்டு வருஷம் முந்தி அவர் ஜெர்மனிக்கு வந்தார். கப்பலில் அல்ல, விமானம், லாரி, கால்நடை என்று வந்தார். வந்த பிறகு பத்திரங்கள் சரியாகும்வரை அனுமதியில்லாமல் ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது என்பது சட்டம். எதற்கும் 'அந்த்ராக்' போடவேண்டும். விண்ணப்பம் என்பதற்கு அவர்கள் வீட்டில் அதுதான் சொல். மாதா கோயில் திருவிழாவுக்குப் போட்டார், கிடைத்தது. கடல் பார்க்கப் போட்டார்.

"அந்த்ராக் வாங்கிற மனிசன் கேட்டான், அங்க உங்களுக்குச் சொந்தக்காரர் ஆரும் இருக்கினமோ எண்டு. இல்லை, கடல்தான் இருக்கு எண்டன். பேனையை மூடிப்போட்டான்."

போன மாதம்தான் அந்தக் கட்டுப்பாட்டை நீக்கிய விசா அவர் கைக்கு வந்திருந்தது.

"ஏன் அண்ணே, கீழே ரைன் ஆறு ஓடுதே. அவ்வளவு தண்ணி."

"அது ஓடுது" என்றார் வெறுப்பாக. "கடலெண்டால் ஓடாது, வாத்தியார். நிக்கும். நிண்டுகொண்டு கத்தும். நானும் வாறன். உங்கட நீட்டு மனிசனிட்டச் சொல்லுங்கோ."

என் காய்ச்சல் அந்த நிமிஷமே குணமாகிவிட்டது. ஒரு மனிதர் எட்டு வருஷமாகக் கடல் பார்க்கக் காத்திருக்கும்போது, கால் வலிக்குமே என்று நான் படுத்துக்கொள்ள முடியுமா?

றெஜினா அக்காவுக்கு விடுமுறை கிடைக்கவில்லை. விடுமுறை நாளில்தானே ஓட்டலில் படுக்கை விரிப்பு குவியும். அவள் கோபத்தை வேறு விதமாகத் தீர்த்துக்கொண்டாள்.

"எனக்கு ஒரு போத்தில் கடல் கொண்டு வரவேணும்."

"கடலை என்னெண்டப்பா போத்தில்ல கொண்டு வாறது?" என்றார் அண்ணை.

"மூடி போட்டுத்தான். போத்தில் இல்லாமல் வந்தியளெண்டால் கதவு திறக்கமாட்டன்."

திட்டமிடும் கூட்டம் அவர்கள் சமையலறை மேசையில் நடந்தது. ஹோல்கர் வரைபடத்தோடும், தபால் நிறுக்கும் தராசோடும் வந்தான். தராசு எதற்கென்று எங்களுக்குப் புரியவில்லை. கடிதம் எழுதப்போகிறானாக்கும் என்று நினைத்தோம். அவன் ஒரு பொட்டலத்தில் உலர்ந்த திராட்சையைக் கொட்டி நிறுத்தான். ஒரு பழத்தை எடுத்துத் தின்றுவிட்டு மறுபடி நிறுத்தான்.

"நடப்பவனுக்கு எடைதான் எதிரி" என்றான். "கொட்டைகள், உலர்ந்த திராட்சை, மொறு ரொட்டி. இது போதும்."

"வாத்தியார், உந்தப் பெடியனுக்குத் தாய் தகப்பன் இல்லையோ?" என்று அண்ணை தமிழில் என்னிடம் கேட்டார். பிறகு ஜெர்மனில், "மனிதன் நடப்பதென்றால் சோறு சாப்பிடவேண்டும்" என்று அறிவித்துவிட்டு உள்ளே போனார். திரும்பி வரும்போது இரண்டு கையிலும் ஒரு பானை. சின்னக் குழந்தையைக் குளிப்பாட்டலாம். அதற்குள் சிவப்பரிசி, பருப்பு, மிளகாய்த்தூள், உப்பு, கறிவேப்பிலை, தேங்காய்கள், தேங்காய் துருவும் திருவலை, எலுமிச்சை ஊறுகாய்ப் பாட்டில்.

அன்று நடந்த பேச்சுவார்த்தையை நாட்டின் தலைவர்கள் பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கலாம். ஹோல்கர் திருவலையைத் தராசில் வைத்தான், தராசின் முள் ஓடிப்போய் மூலையில் நின்று நடுங்கியது. திருவலை போயிற்று. தேங்காய் போய் அதன் இடத்தில் பால்பவுடர் வந்தது. ஊறுகாய் கண்ணாடி என்பதால் நிராகரிக்கப்பட்டது. பெரிய பானைக்குப் பதில் அதன் தம்பிப் பானை. ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்த அண்ணையின் முகம் சுருங்கிக்கொண்டே வந்தது. கடைசியில் ஹோல்கர் உப்புப் பொட்டலத்தைத் தூக்கித் தராசில் வைக்கப் போனபோது, அண்ணை எட்டிப் பிடுங்கினார்.

"இதை நானே எடுக்கிறன்" என்று அலமாரியில் திருப்பி வைத்தார். "கடலுக்குப் போறவன் உப்புக் கட்டிக்கொண்டு போவானே?"

எனக்கு விளங்கவில்லை. விளக்கினார். சின்ன வயதில் அவருக்குப் படகில் ஏறினால் தலை சுற்றும். மீனவக் குடும்பத்தில் அதைவிடக் கேவலம் உண்டா? அதனால் கடற்கரையில் மீன்பிடிக் காலத்துக்குப் போடும் வாடியில், அந்தக் கொட்டிலில், தொழிலாளிகளுக்குச் சமைக்க விட்டார்கள். அங்கே யாரும் உப்பு வாங்குவதில்லை. "கடல் ஒரு பங்கு, நல்ல தண்ணி மூண்டு பங்கு. உலை வைச்சால் சோறு தேவாமிர்தம்."

நான் மொழிபெயர்த்தேன். ஹோல்கரின் கண்கள் கலங்கிவிட்டன. தனக்குச் சமமான ஒரு திட்டக்காரனை அவன் வாழ்க்கையில் முதன்முதலாகச் சந்திக்கிறான். எழுந்து அண்ணையின் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

ஹோல்கர் ஒத்திகை நடை ஒன்றும் வைத்தான். பானுக்குப் பக்கத்தில் டிராகன்ஃபெல்ஸ் என்று ஒரு குன்று, மேலே இடிந்த கோட்டை. அடிவாரத்தில் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு போகக் கழுதைகள் நிற்கும். எனக்கு அந்தக் கழுதைகளைப் பார்த்ததும் ஒரு பற்று ஏற்பட்டது. கழுதைக்காரர் என்னையும் கழுதையையும் மாறிமாறிப் பார்த்தார். கழுதையும் என்னைப் பார்த்தது. பிறகு அது, தன் வாழ்நாளில் எடுத்த ஒரே முடிவு என்பதுபோல், திரும்பி நின்றுகொண்டது. நான் பல்சக்கர ரயிலில் மேலே போய், காப்பி குடித்துக்கொண்டே ஹோல்கரும் அண்ணையும் வேர்த்து விறுவிறுத்து வருவதைக் கைதட்டி வரவேற்றேன்.

சனிக்கிழமை கிளம்பினோம். அந்நாளில் வார இறுதிக்கென்று ஒரு மலிவுச் சீட்டு இருந்தது. ஒரே சீட்டில் சிலர் சேர்ந்து போகலாம், மெதுவண்டிகளில் மட்டும். பாதி ஜெர்மனி அதில்தான் இருந்தது. ஒவ்வொரு வண்டியிலும் மிதிவண்டி, நாய், சாராயக் கோஷ்டி, இவற்றுக்கு நடுவில் எங்கள் பானை. வண்டி மாறும்போதெல்லாம் அது முதலில் இறங்கும், பிறகு நாங்கள். ஒரு கிழவி அண்ணையிடம், "இதில் என்ன, மேளமா?" என்று கேட்டாள். "ஆமாம், ஆனால் நான் இன்று வாசிப்பதில்லை" என்றார் அவர்.

கடைசி வண்டியில் இடமில்லாததால் ஹோல்கர் முன்பெட்டியிலும், நானும் அண்ணையும் பானையும் பின்பெட்டியிலுமாக ஏறினோம். வழியில் ஒலிபெருக்கி ஏதோ சொன்னது. நான் அப்போது, ஜெர்மன் மொழியை மூன்றே மாதத்தில் எப்படி வசப்படுத்தினேன் என்று அண்ணைக்கு விவரித்துக்கொண்டிருந்தேன். ஒரு சின்ன நிலையத்தில் வண்டி நின்றது. நடுவில் டக்கென்று ஒரு சத்தம். முன்பாதி ஒரு பக்கம் போனது. பின்பாதி இன்னொரு பக்கம். முன்பாதியின் ஜன்னலில் ஹோல்கரின் முகம், வாய் திறந்தபடி, மெல்ல நகர்ந்துபோனது.

"அண்ணே! வண்டி பிரியுது!"

"ஓம். இப்ப சொன்னவைதானே" என்றார் அண்ணை அமைதியாக. "பின்பெட்டி வேற ஊருக்குப் போகும், முன்னுக்குப் போங்கோ எண்டு."

"நீங்க ஏன் சொல்லல?"

"நீங்கள் பாஷையைப் பற்றிக் கதைச்சுக்கொண்டிருந்தியள். படிச்ச மனிசன், விளங்கியிருக்கும் எண்டு இருந்தன்."

அடுத்த நிலையத்தில் இறங்கி, எதிர்வண்டிக்குக் காத்திருந்து, சாஸ்னிட்ஸ் என்ற துறைமுக ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது ஹோல்கர் நடைமேடையில் தன் உணவுத் திட்டத்தில் பாதியை முடித்துவிட்டு நின்றான். பதற்றத்தில் திராட்சை எல்லாவற்றையும் தின்றுவிட்டானாம்.

ஊரை மூடுபனி விழுங்கியிருந்தது. எதிர்வீடு தெரியவில்லை. வழியில் தீவுக்குள் நுழையும்போது ரயிலின் இரு பக்கமும் தண்ணீர் தெரிந்தது உண்மைதான், நான் குதூகலமாகக் காட்டியபோது அண்ணை எட்டிப் பார்த்துவிட்டு, "இது களப்பு, நிலத்துக்குள்ள புகுந்த தண்ணி. கடலில்லை. இதை நான் கணக்கில எடுக்கமாட்டன்" என்று கண்ணை மூடிக்கொண்டார். நாங்கள் தங்கிய வீட்டுக்காரம்மா சிவப்பாக, புளிப்பாக, உறைப்பாக ஒரு சூப் வைத்தாள். சோல்யாங்கா என்று பெயர். கிழக்குப் பக்கத்து வீடுகளில் எல்லாம் செய்வார்களாம். மேற்கே இத்தனை மாதம் நான் அப்படி ஒன்றை வாயில் வைத்ததில்லை. "ரசத்தின்ர பெரியம்மா" என்று இரண்டு கிண்ணம் குடித்தார் அண்ணை. "இந்த நாட்டை இவை சேர்த்தது நல்லதுதான்" என்றும் சொன்னார்.

ஞாயிறு காலை நடை தொடங்கியது. எனக்கு ஒரு உயரமான சக ஊழியர் கொடுத்த மழைக்கோட்டு. அதன் கீழ்நுனி என் கணுக்காலைத் தொட்டது, பின்னாலிருந்து பார்த்தால் ஒரு பாதிரியார் குட்டையாகிக்கொண்டே போவதுபோல் இருந்திருக்கும். எதிரே வந்த ஒரு குடும்பம் எனக்கு மரியாதையாக வழிவிட்டது. பாதை புங்கமரம் மாதிரித் தெரிந்த பீச் மரக்காட்டுக்குள் ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். இறங்குவதாக இருந்தால் எதற்கு ஏறவேண்டும் என்று நான் கேட்டதற்கு ஹோல்கர் வரைபடத்தை விரித்துக் காட்டினான்.

வலது கைப்பக்கம் பாறை முடிகிறது, அதற்கப்பால் கடல் என்றான் ஹோல்கர். அதற்கப்பால் பால்தான் இருந்தது. வெள்ளைப் பாறை, வெள்ளைப் பனி. எங்கே பாறை முடிந்து எங்கே ஆகாயம் தொடங்குகிறது என்றே தெரியவில்லை. ஒவ்வொரு காட்சிமேடையிலும் அண்ணை கம்பியைப் பிடித்துக்கொண்டு, காதைச் சாய்த்து நின்றார். கீழே எங்கோ கற்களை யாரோ கழுவி அடுக்குவதுபோல் ஒரு சத்தம்.

"கத்துதோ அண்ணே?"

"முணுமுணுக்குது" என்றார். நெற்றி சுருங்கியிருந்தது.

மிக உயரமான பாறைக்குப் பக்கத்தில், கீழே கரைக்கு இறங்க மரப்படிகள் இருந்தன. நான் மேலேயே இருந்து பானையைக் காவல் காப்பதாகச் சொன்னேன். அண்ணை திரும்பிக்கூடப் பார்க்காமல் இறங்கினார். அப்படி ஒருவர் இறங்கும்போது மேலே உட்கார்ந்திருக்க மனம் வரவில்லை. பாதியில் மனம் வந்தது, ஆனால் அப்போது ஏறுவதும் இறங்குவதும் ஒரே தூரம்.

கரையில் மணல் இல்லை. உருண்டைக் கற்கள். பனிக்குள்ளிருந்து சின்ன அலை ஒன்று வெளியே வந்து, எங்களைப் பார்த்து வெட்கப்பட்டுத் திரும்பிப் போயிற்று. அண்ணை காலணியைக் கழற்றினார். கால் சட்டையை மடித்தார். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு இறங்கி, குனிந்து, கையில் அள்ளி வாயில் விட்டார்.

நாங்கள் காத்திருந்தோம்.

இன்னொரு கை அள்ளினார். நின்றார். "வாத்தியார், இஞ்ச வாங்கோ. நக்கிப் பாருங்கோ."

நக்கினேன். சின்ன வயதில் ராமேசுவரத்தில் அலை என்னை உருட்டி, வயிறு நிறையக் கடலை ஊட்டியிருக்கிறது. அந்த அனுபவத்தில் சொன்னேன். "கொஞ்சம் உப்பு இருக்கு அண்ணே."

"கொஞ்சமோ? கொஞ்சமோ? இது எங்கட முதியோர் இல்லத்துச் சூப்!" அவர் குரல் பனியில் முட்டித் திரும்பியது. "பிறசர்காரருக்கு வைச்ச கடல்!" ஹோல்கர் பக்கம் திரும்பி ஜெர்மனில், "உண்மையான கடல் எங்கே?" என்று கேட்டார்.

ஹோல்கரின் முகம், கல்யாணப் பந்தியில் குறை சொல்லப்பட்ட பெண்வீட்டார் முகம் மாதிரி ஆகிவிட்டது. இதுதான் கடல், பால்டிக் கடல். சுற்றிலும் நிலம், பெரிய ஆறுகள் வந்து விழுகின்றன, வாசல் குறுகியது, அதனால் உப்புக் குறைவு என்று ஒழுங்காக விளக்கினான்.

"அப்ப இது ஆறுகளின்ர கூட்டம்" என்றார் அண்ணை தமிழில். ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து காலணியைப் போட்டுக்கொண்டார். "எட்டு வருஷம் இருந்து, ஒரு ஆத்தங்கரைக்கு வந்திருக்கிறன். மனிசிக்கு இதையோ போத்தில்ல கொண்டுபோறது? நாளைக்கு நான் ரயிலேறப் போறன், வாத்தியார். நீங்கள் நடவுங்கோ."

படிகளில் அவர் விறுவிறுவென்று ஏறினார். நான் கைப்பிடியைப் பிடித்து என்னையே இழுத்துக்கொண்டு ஏறினேன். எனக்கு மூச்சில்லை.

அன்று மாலை, காட்டுப்பூங்காவின் எல்லை தாண்டிக் கரையோரம் ஒரு கூடார மைதானத்தில் தங்கினோம். ஹோல்கர் சின்ன எரிவாயு அடுப்பை மூட்டினான். அண்ணை, கடமைக்கு, கடல் ஒரு பங்கும் குழாய்த் தண்ணீர் மூன்று பங்குமாகக் கலந்து சோறு வைத்தார். பருப்பும் அப்படியே. சாப்பிட்டோம். பஞ்சு தின்றிருந்தால்கூட அதில் ஒரு குணம் இருந்திருக்கும்.

"கடையில உப்பு வாங்கிரலாம் அண்ணே."

ஹோல்கர் வருத்தத்தோடு தலையாட்டினான். இன்று ஞாயிறு, நாளை பெந்தேகோஸ்துத் திங்கள். இந்த நாட்டில் விடுமுறை என்றால் கடைகளுக்கு உயிர் இருக்காது. செவ்வாய்க்கிழமை காலை கிடைக்கும். "ஆனால் பக்கத்துக் கூடாரத்தில் நிச்சயம் உப்பு இருக்கும். நான் கேட்டு வரட்டுமா?"

"நில்!" என்றார் அண்ணை. "விளக்கு வைச்சாப் பிறகு உப்புக் கேக்கக் கூடாது."

"இங்க விளக்கே இல்லையே அண்ணே."

"பொழுது பட்டிட்டுதே! வீட்டு லட்சுமி போயிடுவா."

"நீங்க வேதக்காரராச்சே?"

"லட்சுமி போறதுக்கு வேதம் பாக்கிறவவே?" என்று கேட்டுவிட்டு, அவர் கூடாரத்துக்குள் போய்ப் படுத்துவிட்டார். நான் இதை ஹோல்கருக்கு மொழிபெயர்க்க முயன்றேன். சூரியன் மறைந்த பிறகு உப்பை இடம் மாற்றினால் செல்வத்தின் தேவதை வெளியேறுவாள் என்றேன். அவன் யோசித்து, "இது எல்லா மாநிலத்திலும் சட்டமா?" என்றான்.

திங்கள் காலை என் கால்களை எனக்கே அடையாளம் தெரியவில்லை. ஒவ்வொரு விரலுக்கும் ஒரு கொப்புளம், குதிகாலுக்கு இரண்டு. அண்ணை தன் மூட்டையைக் கட்டி வைத்திருந்தார். ரயிலேறுவதற்கு முன் கடைசியாக ஒரு சோறு ஆக்கிச் சாப்பிட்டுவிட்டுப் போவதாக முடிவு. "கடல்ல ஒரு பங்கு எடுத்திட்டு, மேல குழாயில மூண்டு பங்கு பிடிச்சுக்கொண்டு வாங்கோ, வாத்தியார்" என்று பானையை என்னிடம் நீட்டினார்.

கடல் பத்தடியில் இருந்தது. குழாய் மேட்டின் மேலே, செதுக்கிய படிகளுக்கு அப்பால் இருந்தது. நான் படிகளைப் பார்த்தேன். படிகள் என் கால்களைப் பார்த்தன. பான் நகரத்துக் கழுதை எடுத்த அதே முடிவை நானும் எடுத்தேன். திரும்பி நின்றுகொண்டு, பானை முழுவதையும் கடலிலேயே முக்கி எடுத்தேன். கொஞ்ச நேரம் ஒரு பாறைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்துவிட்டு, மேலே போய் வந்தவன்போல் மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பினேன். நேற்றுச் சாப்பிட்டதைவிட மோசமாக என்ன ஆகிவிடப் போகிறது?

சோறு வெந்தது. அண்ணை ஒரு தட்டில் போட்டுக்கொண்டு, ஒரு கவளத்தை மருந்துபோல் வாயில் போட்டார். மென்றுகொண்டிருந்த வாய் நின்றது.

"ஆர் உப்புப் போட்டது?"

ஹோல்கர், போலீஸ் பிடித்ததுபோல் இரண்டு கையையும் தூக்கினான். "பக்கத்துக் கூடாரத்தில் நான் கேட்கவே இல்லை!"

அண்ணை என் பக்கம் திரும்பினார். என் உலர்ந்த நெற்றி என்னைக் காட்டிக்கொடுத்தது.

"கடல்தான் அண்ணே."

"முழுக்கவோ?"

"முழுக்க."

"நல்ல தண்ணி விடேல்லை?"

"ஒரு சொட்டு விடல. கால் வலி."

அவர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் இன்னொரு கவளம் எடுத்தார். இன்னொன்றும். பிறகு மிக மெதுவாக, தனக்கே சொல்லிக்கொள்வதுபோல், "அளவாயிருக்கு" என்றார். "ஒரு கல்லுக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை." ஹோல்கரிடம் ஜெர்மனில் சொன்னார். "எங்கள் கடலுக்கு மூன்று பங்கு தண்ணீர் நாங்கள் கலக்கவேண்டும். நீங்கள் ஏற்கெனவே கலந்து வைத்திருக்கிறீர்கள்."

"இயற்கையாகவே" என்றான் ஹோல்கர். அரசாங்கத்தின் ஒரு துறை அதைப் பார்த்துக்கொள்கிறது என்பதுபோல் இருந்தது அவன் முகம்.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே பனி விலகியிருந்தது. யாரும் கவனிக்கவில்லை. தூரத்தில் நேற்று நாங்கள் தடவித் தடவி நடந்த பாறைகள் சுண்ணாம்பு அடித்த மதில் மாதிரி எழுந்து நின்றன. அவற்றுக்குக் கீழே தொடங்கி, கண்ணுக்கு எட்டிய மட்டும் தண்ணீர். அண்ணை தட்டோடு எழுந்து விளிம்புவரை போனார். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சாப்பிட மறந்து, நெடுநேரம் நின்றார். நான் நொண்டிக்கொண்டு பக்கத்தில் போனேன். அவர் முகத்தைப் பார்க்கவில்லை. சில நேரம் பார்க்காமலிருப்பதுதான் மரியாதை.

"நிக்குது" என்றார்.

"என்ன அண்ணே?"

"கடல். ஓடேல்லை. நிக்குது."

"கத்துதா?"

"கத்துது. ஆனா மெல்ல. ஜெர்மன்காரர் மாதிரி, பக்கத்து வீட்டுக்குக் கேக்காமல்."

அதற்குப் பிறகு அவர் ரயிலைப் பற்றிப் பேசவில்லை. கட்டிய மூட்டையை முதுகில் மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். நாங்கள்தான் பின்னால் ஓடவேண்டியிருந்தது. வடகோடி முனையில் இருக்கும் கலங்கரை விளக்கம்வரை, சாப்பாட்டு வேளை வரும்போதெல்லாம் கரையின் ஒரு வளைவில் நிறுத்தி, கடலை முகர்ந்து பார்த்து, "இதில வைப்பம்" என்பார். ஒரு வளைவின் தண்ணீர் பருப்புக்கு, ஒன்று சோற்றுக்கு. எல்லாம் ஒரே கடல்தானே என்று கேட்ட ஹோல்கரை, மீன் வாங்கத் தெரியாதவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். மொறு ரொட்டிப் பொட்டலத்தை ஹோல்கர் வழியில் ஒரு வாத்துக்கூட்டத்துக்குக் கொடுத்துவிட்டான். நிறுக்காமல் கொடுத்தான் என்பதைப் பதிவு செய்யவேண்டும்.

றெஜினா அக்காவின் பாட்டிலை முனைக்குக் கீழே நிரப்பினார் அண்ணை. மூன்று முறை நிரப்பி, மூன்று முறை கொட்டினார். "வடிவான தண்ணியா இருக்கவேணும்." ரயிலில் வரும் வழியெல்லாம் அதைத் தன் தொடைகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டு, வண்டி குலுங்கும்போதெல்லாம் மூடியைத் தொட்டுப் பார்த்தார். வண்டியின் எந்தப் பாதி எங்கே போகிறது என்று இந்த முறை என்னிடம் கேட்கவில்லை, ஹோல்கரைக் கேட்டார்.

அக்கா கதவைத் திறப்பதற்கு முன், "போத்தில் இருக்கோ?" என்றாள். இருந்தது. சமையலறை மேசையைச் சுற்றி உட்கார்ந்தோம். அவள் கையைக் கழுவி, துடைத்து, மூடியைத் திறந்து முகர்ந்தாள். கண் மூடியது. உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றி நாக்கு நுனியில் வைத்தாள். கண் திறந்தது.

"இஞ்சேருங்கோ. உதுக்குள்ள தண்ணி விட்டிருக்கிறியள்."

ஹோல்கருக்குத் தமிழ் தெரியாது, தெரிந்திருந்தால் ஆறுகளைப் பற்றித் தொடங்கியிருப்பான். நான் அண்ணையைப் பார்த்தேன். அவர் மனைவியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எட்டு வருஷம் அவளும்தான் காத்திருந்தாள். இந்த நாட்டுக் கடல் இவ்வளவுதான் என்று ஒரு சலவைக்காரிக்கு, வேலை முடித்துக் களைத்து வந்த சாயங்காலத்தில், யார் சொல்வது?

"ஓமப்பா" என்றார் அண்ணை. "ரயில்ல கொட்டுண்டு போச்சு. வாத்தியார்தான் குழாயில நிரப்பினவர்."

நான் வாயைத் திறந்தேன். மேசைக்குக் கீழே அண்ணையின் கால் வந்து என் பெரிய கொப்புளத்தின் மேல் ஏறி நின்றது. வாயை மூடிக்கொண்டேன்.

அக்கா என்னைப் பார்த்த பார்வையை, ஊரில் பால்காரர்கள் மட்டும்தான் வாங்கியிருப்பார்கள். "படிச்ச மனிசன் செய்யிற வேலையே தம்பி இது?" என்றாள். பிறகு பாட்டிலை இறுக மூடி, யேசு படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, ஹோல்கர் பக்கம் திரும்பி அழகான ஜெர்மனில் சொன்னாள்.

"இவர்களை நம்பிப் பயனில்லை. ஒருநாள் நானே வந்து எடுத்துக்கொள்கிறேன்."

அண்ணையும் நானும் ஒரே நேரத்தில் ஹோல்கரைப் பார்த்தோம். குட்டி நாட்காட்டி மேசைக்கு வந்துவிட்டிருந்தது. பென்சில் நாக்கை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அண்ணை என் கொப்புளத்திலிருந்து காலை எடுக்க மறந்திருந்தார்.